பஸ் தடங்களைத் திருத்தப் போய் நான்கு நிமிடத்தில் வந்து நின்ற கதை

முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து வரைந்ததில் 11 புதுத் தடங்கள் இருந்தன. எட்டு மாதம் ஆகிறது, அதில் ஒன்றுகூட இப்போது மிச்சமில்லை. இதே வேலையில் யாராவது இறங்க நினைத்தால் உதவுமே என்று, எங்கெங்கே சறுக்கினேன் என்பதையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.

தொடங்கியது எல்லோருக்கும் வரும் அதே எரிச்சலில்தான். அரை மணி நேரம் நின்றால் ஒன்றும் வராது, அப்புறம் ஒரே எண் போட்ட மூன்று பஸ் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். இதைவிட நாமே நன்றாகப் போட்டுவிடலாமே என்று தோன்றியது. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடத்திலிருந்து சாலைகளை எடுத்து, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, கலர் கலராகக் கோடு இழுத்தேன். ரயில் நிலையத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு நேராக ஒன்று, தொழிற்பேட்டைக்கு ஒன்று, ஆஸ்பத்திரியைச் சுற்றி வளையமாக ஒன்று. பார்க்க அவ்வளவு அழகு. எந்தக் கோட்டுக்கு எத்தனை வண்டி வேண்டும் என்று மட்டும் எங்கேயும் எழுதவில்லை.

அந்தக் கணக்கை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். ஒரு வண்டி கிளம்பி, மறுமுனை போய்த் திரும்பி, அடுத்த நடைக்குத் தயாராகும் வரை ஆகிற மொத்த நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி வேண்டுமோ, அதால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். போக 50, வர 50, இரண்டு முனையிலும் பத்துப் பத்து நிமிட நிறுத்தம், ஆக 120. இருபது நிமிடத்துக்கு ஒன்று என்றால் 6 வண்டி, பத்துக்கு ஒன்று என்றால் 12. என் 11 தடங்களுக்கும் இதைப் போட்டுக் கூட்டிப் பார்த்தபோது, அந்தப் பகுதியில் இப்போது ஓடுகிற வண்டிகளைப் போல இரண்டு பங்குக்கும் மேலே வந்தது. ஓட்டுநர்கள் எங்கிருந்து வருவார்கள் என்று யோசிக்கவே இல்லை. அன்றைக்கே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒரு வண்டிகூடக் கூடுதலாகக் கேட்கக் கூடாது. அந்த விதிக்கு அப்புறம்தான் இது விளையாட்டிலிருந்து வேலையாக மாறியது.

அடுத்தது கால அட்டவணை. அதிர்ஷ்டவசமாக ஜிடிஎஃப்எஸ் வடிவில், அதாவது பஸ், ரயில் அட்டவணைகளைக் கணினி படிக்கும்படி எழுதி வைக்கும் பொது வடிவில், தரவு கிடைத்தது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தில் பஸ், ரயில் ஓட்டும் ட்ரைமெட் நிறுவனமும் கூகுளும் சேர்ந்து 2005 வாக்கில் தொடங்கி வைத்த வடிவம் இது. அந்த 'ஜி' முதலில் கூகுளைத்தான் குறித்தது, பிறகு 'ஜெனரல்' என்று மாற்றிக்கொண்டார்கள். பெரிய மாயமெல்லாம் இல்லை, காற்புள்ளி போட்ட சாதாரண எழுத்துக் கோப்புகள்: நிறுத்தங்கள் ஒன்றில், தடங்கள் ஒன்றில், நடைகள் ஒன்றில், எந்த நடை எந்த நிறுத்தத்தை எத்தனை மணிக்குத் தொடுகிறது என்பது இன்னொன்றில். கடைசிக் கோப்புதான் ராட்சசன்.

இதில் இரண்டு இடத்தில் மூக்கு உடைந்தது. 0417 என்ற நிறுத்த எண்ணை விரிதாள் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு 417 ஆக்கிவிட்டது, அதனால் இரண்டு கோப்புகளை இணைத்தபோது பாதி நிறுத்தங்கள் காணாமல் போயின. நான் தரவைக் கொடுத்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். இன்னொன்று, 25:10:00 என்று ஒரு நேரம். தட்டச்சுப் பிழை என்று நினைத்து அந்த வரிகளையெல்லாம் அழித்துவிட்டேன். நள்ளிரவு தாண்டியும் ஓடுகிற நடை, முந்தைய நாளின் கணக்கிலேயே இருக்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படி எழுதுகிறார்கள். 25:10 என்றால் மறுநாள் அதிகாலை 1:10. ஆக, கடைசி வண்டிகளை நானே என் கையால் ரத்து செய்துவிட்டு, "ராத்திரிச் சேவையே இல்லை" என்று ஒரு கோபமான பத்தியும் எழுதி வைத்திருந்தேன். நல்ல வேளை, யாருக்கும் அனுப்பவில்லை.

அட்டவணை ஒன்று சொல்லும், தெரு வேறு சொல்லும். அதனால் போனில் ஸ்டாப்வாட்சோடு ஏறி உட்கார்ந்தேன். சனிக்கிழமை நான்கு நடை, மற்ற நாள்களில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி வேகம் குறையத் தொடங்கும்போது ஒரு தட்டு, மறுபடி வேகம் பிடித்ததும் இன்னொரு தட்டு. ஆள் ஏறாத, வெறுமனே நின்று கிளம்பும் நிறுத்தமே 20 நொடிக்குக் குறையாமல் தின்கிறது. ஒரு இடத்தில் ஒரு கிலோமீட்டருக்குள் ஐந்து நிறுத்தம். ஒரு நிறுத்தத்தில் நின்றபடி அடுத்த நிறுத்தத்தின் பெயர்ப்பலகையைப் படிக்க முடிகிறது! அதில் இரண்டைத் தூக்கலாம் என்று குறித்தேன். மீதி நிறுத்தங்கள் 400 மீட்டருக்குள்தான் இருக்கும், நடக்கிறவருக்கு ஐந்து நிமிடம்.

வேகமாக ஆக்கினால் வண்டி மிச்சம் என்று இங்கே ஒரு கனவு கண்டேன், அதுவும் உடைந்தது. இப்போது ஓடுகிற தடங்களில் நீலத் தடம் என்று நான் பெயர் வைத்த ஒன்றில் போக 6, வர 6, மொத்தம் 12 நிமிடம் குறைக்க முடியும் என்று கண்டுபிடித்தேன். 120 என்பது 108 ஆனது. இருபதால் வகுத்தால் 5.4. பேருந்தை அரையாக வெட்ட முடியாதே, மறுபடியும் 6 வண்டிதான். இன்னும் 8 நிமிடம் குறைத்து 100-க்குக் கொண்டுவந்தால்தான் ஒரு முழு வண்டி விடுபடும். இல்லாவிட்டால் அதே 6 வண்டியை வைத்து 18 நிமிடத்துக்கு ஒன்று ஓட்டலாம், ஆனால் 18 நிமிட இடைவெளியில் கிளம்பும் நேரத்தை எந்த மனிதனும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது. இருபது என்றால் ஒவ்வொரு மணிக்கும் அதே நிமிடம் வரும், அதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது.

அந்த 8 நிமிடத்தைத் தேடி அலைந்ததில் என் கண்ணில் பட்டது கடைசி நிறுத்தத்தில் வண்டி சும்மா நிற்கிற பத்து நிமிடம். இதோ கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். ஒரு மாலை கடைசி நிறுத்தத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து வண்டி வந்தன. நான்கு, வந்து சேர்ந்ததே தாமதம். ஒரு ஓட்டுநர் இறங்கிக் கழிப்பறைக்கு ஓடினார், திரும்பி வந்தார், ஏறினார், கிளம்பினார். பேச்சுக் கொடுத்தேன். "அண்ணே, பத்து நிமிஷம் நிக்கணும்னு போட்டிருக்கே?" என்றால், "போட்டிருக்காங்க தம்பி, எங்க கிடைக்குது?" என்று சிரித்தார். அந்தப் பத்து நிமிடம் சோம்பல் நேரம் இல்லை, தாமதத்தை விழுங்குகிற பை. அதைப் பிடுங்கினால் காலை எட்டு மணித் தாமதம் ராத்திரி வரைக்கும் வண்டியோடு ஒட்டிக்கொண்டு சுற்றும். அந்த வரியை அடித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி விஷயம்தான் அதிகம் யோசிக்க வைத்தது. நீலத் தடம் முக்கியச் சாலையை விட்டுத் திரும்பி, ஆஸ்பத்திரி வாசல் வரை உள்ளே போய், அதே வழியாக வெளியே வருகிறது. அந்தச் சுற்றுக்கு 6 நிமிடம். வண்டியில் 30 பேர் இருந்தால் 180 நிமிடம் மற்றவர்களுடையது. வாசலில் ஏறி இறங்குகிறவர்கள் நான் எண்ணிய நடைகளில் நான்கைந்து பேர். அவர்களை முக்கியச் சாலையில் இறக்கி ஐந்து நிமிடம் நடக்கவிட்டால் மொத்தம் 25 நிமிடத்தைத் தாண்டவில்லை. கணக்குப்படி சுற்றை வெட்டு என்றுதான் வரும், நானும் வெட்டினேன். ஆனால் அந்த வாசலில் இறங்குகிறவர்கள் யார்? ஐந்து நிமிடம் நடக்க முடியாதவர்கள்தானே அங்கே இறங்குகிறார்கள். எல்லோருடைய நிமிடமும் ஒன்றே என்று என் விரிதாள் நினைக்கிறது.

இரண்டு வாரம் இதிலேயே கிடந்தேன். கடைசியில் கிடைத்த விடை ரொம்பச் சாதாரணம். ஒரு தடத்துக்கு நடுவில் உள்ளொடுங்கிய இடம் வந்தால்தான் உள்ளே போய்த் திரும்புகிற தொல்லை. அதே இடம் ஒரு தடத்தின் கடைசி நிறுத்தமாக இருந்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, ஏனென்றால் எப்படியும் அங்கே எல்லோரும் இறங்கியாக வேண்டும். பக்கத்துச் சந்திப்போடு முடிகிற ஒரு குட்டித் தடம் இருந்தது. அதை ஆஸ்பத்திரி வாசல் வரை நீட்டி அங்கேயே முடித்தால், நீலம் நேராகப் போய்விடலாம். குட்டித் தடத்தில் ஓய்வு நேரம் தாராளமாக இருந்ததால் கூடுதல் வண்டி தேவைப்படவில்லை (இங்கே அது உண்மையிலேயே தாராளம், நான்கு நாள் போய்ப் பார்த்தபிறகு எழுதுகிறேன்). நீலத்திலிருந்து வருகிறவர்கள் மட்டும் சந்திப்பில் மாறி ஏற வேண்டும், அது ஒரு குறைதான்.

நடுவில் பெரிய நகரங்கள் என்ன செய்தன என்று படித்தேன். பார்சிலோனா 2012 முதல் 2018 வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பஸ் தடங்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கட்டமாக மாற்றியது. 28 தடங்கள், கிடைமட்டத்துக்கு எச், செங்குத்துக்கு வி, குறுக்காகப் போவதற்கு டி. எண்ணைப் பார்த்தாலே வண்டி எந்தத் திசைக்குப் போகிறது என்று தெரியும். ஹூஸ்டன் 2015 ஆகஸ்டில் ஒரே நாளில் மொத்தத்தையும் மாற்றியது. அதற்கு முன்னால் அவர்கள் எடுத்த ஒரு முடிவுதான் எனக்குப் பிடித்தது: வளத்தில் 80 சதவீதம் கூட்டம் வரும் இடங்களுக்கு, 20 சதவீதம் கூட்டம் வராவிட்டாலும் யாரும் விடுபடக் கூடாது என்பதற்கு. என் ஆஸ்பத்திரிக் கேள்வியும் அதே கேள்விதான். அதை அவர்கள் கோடு இழுப்பதற்கு முன்பே கேட்டார்கள், நான் கடைசியில் கேட்டேன்.

கட்டம் போடலாமா என்று எனக்கும் கை துறுதுறுத்தது. கட்டத்தில் நேரடி வண்டி குறையும், பலர் நடுவில் மாறி ஏற வேண்டும், ஆனால் வண்டிகள் அடிக்கடி வரும். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை வரும் நேரடி வண்டியை எடுத்துக்கொண்டால் சராசரி காத்திருப்பு 20, பயணம் 30, ஆக 50. பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும் இரண்டு வண்டி மாறினால் காத்திருப்பு ஐந்தும் ஐந்தும், பயணம் 30, மாறும் இடத்தில் நடக்க 3, ஆக 43. மாறுவதே வெல்கிறது. ஆனால் இரண்டாவது டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தால், மழையில் கூரையில்லாத சந்திப்பில் நிற்க வேண்டியிருந்தால், இந்த ஏழு நிமிடத்தை யார் மதிப்பார்கள்? அதைத் தொடவில்லை.

மிஞ்சியதில் எனக்கு ரொம்பப் பிடித்த யோசனைக்கு வருகிறேன். நீலமும், சிவப்பு என்று நான் பெயர் வைத்த இன்னொரு தடமும் ஒரு நீண்ட சாலையில் சேர்ந்தே ஓடுகின்றன. இரண்டும் இருபது நிமிடத்துக்கு ஒன்று. இரண்டும் அந்தச் சாலையின் தொடக்கத்தை ஒரே நிமிடத்தில் தொடும்படி அட்டவணை. ஆக மணிக்கு ஆறு வண்டி இருந்தும், நிற்கிறவருக்கு அது மூன்றுதான். சிவப்பைப் பத்து நிமிடம் தள்ளினால் போதும், ஒரு பைசா செலவில்லாமல் பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி.

காத்திருப்புக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. இடைவெளி சீராக இருந்தால் அதில் பாதிதான் சராசரி காத்திருப்பு. அதே வண்டிகள் 2 நிமிடம், 18 நிமிடம் என்று மாறி மாறி வந்தால்? இடைவெளிகளின் சராசரி அப்போதும் பத்துதான், ஆனால் பயணிகளில் பத்தில் ஒன்பது பேர் அந்த 18-க்குள்தான் வந்து நிற்பார்கள். இடைவெளிகளை வர்க்கப்படுத்திக் கூட்டி, மொத்த நேரத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும்: 4 கூட்டல் 324, வகுத்தல் 40. 8.2 நிமிடம். "பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி விடறோம்" என்று அலுவலகம் சொல்வதும் நிஜம், "எப்பப் பார்த்தாலும் அந்தப் பதினெட்டு நிமிஷ இடைவெளியிலதான் மாட்டிக்கிறேன்" என்று பயணி சொல்வதும் நிஜம். தாமதமான வண்டி அதிகக் கூட்டத்தை ஏற்றி மேலும் தாமதமாகும், பின்னால் வருவது காலியாக வந்து அதைப் பிடித்துவிடும் என்பதை நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1964-இலேயே கணக்காக எழுதிவிட்டார்கள். என் மூன்று பஸ் வால் கதையும் அதுதான்.

சரி, பஸ் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதம். முதல் வரைவு 14 பக்கம், படங்களோடு. அதை எனக்கே படிக்கப் பொறுமையில்லை. ஒரு பக்கமாக்கினேன்: நெருக்கமான நிறுத்தங்களில் இரண்டை நீக்குவது, ஆஸ்பத்திரிக்குக் குட்டித் தடத்தை நீட்டுவது, சிவப்பைப் பத்து நிமிடம் தள்ளுவது. ஒவ்வொன்றுக்கும் கீழே, யாருக்கு இதனால் நஷ்டம் என்று ஒரு வரி.

ஆறு வாரம் கழித்து அட்டவணை போடுகிற பிரிவிலிருந்து ஒருவர் போன் செய்தார். நிறுத்தம் நீக்குவது அவர் கையில் இல்லையாம், ஆஸ்பத்திரி யோசனையைக் குறித்து வைத்துக்கொண்டாராம். சிவப்பைப் பற்றித்தான் நிறையப் பேசினார். பத்து நிமிடம் தள்ளினால் மதியம் ஆள் மாறும் நேரம் இடிக்கிறது, சிலருக்கு வேலை நேரம் வரம்பைத் தாண்டிவிடும், முடியாது. "நாலு நிமிஷம் வேணா தள்ளலாம் சார், அதுல என்ன ஆகப்போகுது" என்றார், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்.

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். இப்போது இரண்டும் ஒன்றாக வருவதால் சராசரி காத்திருப்பு 10 நிமிடம். பத்து தள்ளியிருந்தால் 5. நான்கு தள்ளினால் இடைவெளிகள் 4, 16. வர்க்கங்கள் 16, 256. கூட்டினால் 272, நாற்பதால் வகுத்தால் 6.8. கிடைக்க வேண்டிய ஐந்து நிமிடத்தில் 3.2 அந்த முதல் நான்கிலேயே வந்துவிடுகிறது! உடனே திரும்ப அழைத்துச் சொன்னேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அந்த வர்க்கம் போடுறதை ஒரு தடவை திரும்பச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார்.

புது அட்டவணை இன்னும் வரவில்லை. வந்தாலும் காகிதத்தில் இருக்கிற நான்கு நிமிடம் சாலையிலும் நான்காகவே இருக்குமா என்று தெரிய வேண்டும், அதனால் இந்தச் சனிக்கிழமையிலிருந்து அந்தச் சாலையின் மூன்றாவது நிறுத்தத்தில் நின்று இரண்டு தடங்களும் வரும் நேரத்தை எழுதத் தொடங்குகிறேன். மாற்றத்துக்கு முந்தைய பதிவு இல்லாமல் பிந்தையதை எதோடு ஒப்பிடுவது? போன தடவை போன் சார்ஜ் பாதியில் போய்விட்டது, இந்தத் தடவை நோட்டும் பேனாவும்.