மார்ட்டின்ஸ்வில் டிரக் ரேஸும் நாங்களும்

வர்ஜீனியா மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், வட கரோலினா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர் மார்ட்டின்ஸ்வில். மொத்தமே 13,000 சொச்சம் பேர். மனைவிக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை கிடைத்து 2012ல் இங்கே வந்தோம். உளுந்து வாங்க வேண்டுமானால் எல்லை தாண்டி கிரீன்ஸ்பரோ வரை போகவேண்டும். பேசிப் பழகத் தமிழ்க் குடும்பம் ஒன்றுகூட இல்லை.

நான் திருப்பூர்க்காரன். இந்த ஊருக்கு ஒரு காலத்தில் 'உலகத்தின் ஸ்வெட்ஷர்ட் தலைநகர்' என்று பேர் இருந்தது என்று கேள்விப்பட்டபோது உடம்பு சிலிர்த்தது. டல்டெக்ஸ், பன்னில் என்று பெரிய நிட்டிங் கம்பெனிகள், டுபாண்ட்டின் நைலான் ஆலை, சுற்றிலும் மர ஃபர்னிச்சர் தொழிற்சாலைகள். நைலான் ஆலை 1998ல் மூடியது. டல்டெக்ஸ் 1999 டிசம்பரில் திவாலானது, பிறகு கதவைச் சாத்தியது. நாங்கள் வந்தபோது அந்தக் கட்டடங்களின் ஜன்னல்கள் உடைந்து கிடந்தன. பக்கத்து வீட்டுப் பெரியவர் டல்டெக்ஸில் இருபது வருடத்துக்கு மேல் தையல் மெஷின் மெக்கானிக்காக இருந்தவர். ஓவர்லாக் மெஷினைப் பற்றி அவரும் நானும் பேச ஆரம்பித்தால் இரவுச் சாப்பாடு ஆறிப்போகும். என் மகள் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள். எங்களை டிரக் ரேஸுக்கு, அதாவது பிக்கப் வண்டி ரேஸுக்கு, கூட்டிக்கொண்டு போனது அவர்தான்.

ஆலைகள் எல்லாம் போன பிறகும் இந்த ஊரில் நிலைத்து நிற்பது தெற்கே சில மைல் தள்ளி ரிட்ஜ்வேயில் இருக்கிற ரேஸ் டிராக். ஹெச். கிளே எர்ல்ஸ் என்பவர் 1947ல் வெறும் மண் பாதையாகப் போட்டது. அமெரிக்காவில் இந்த மாதிரி ரேஸ்களை நடத்துகிற நாஸ்கார் அமைப்பு தொடங்கியதே அடுத்த வருடம்தான். 1955ல் தார் போட்டார்கள். ஒரு சுற்று 0.526 மைல், நம் கணக்கில் 850 மீட்டர்கூட வராது. 800 அடிக்கு இரண்டு நேர்ப்பாதைகள், இரண்டு முனையிலும் கொண்டை ஊசி வளைவு. திருப்பங்களில் தார் தாங்காமல் பெயர்ந்து வந்ததால் 1976ல் அங்கே மட்டும் கான்கிரீட் போட்டார்கள். ஃபுளோரிடாவின் பெரிய டேடோனா டிராக்கில் வளைவுகள் 31 டிகிரி சாய்வு, இங்கே 12 டிகிரிதான். சாய்வு வண்டியைத் தாங்காது, பிரேக்தான் தாங்க வேண்டும். 200 சுற்று ரேஸ் என்றால் 400 தடவை ஓங்கி மிதிக்கவேண்டும்.

இதை எழுத்தில் சொன்னால் விளங்காது. 2017ல் டிராக்குக்கு விளக்குப் போட்டார்கள். அதற்கப்புறம் ஒரு இரவு ரேஸில், மூன்றாம் வளைவுக்குப் பக்கத்தில் கீழ் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு டிரக்கும் வளைவுக்குள் நுழையும்போது சக்கரத்துக்குள்ளே பிரேக் டிஸ்க் ரத்தச் சிவப்பாகப் பழுக்கும். வெளியே வரும்போது அணையும். மறுபடி அடுத்த வளைவில் பழுக்கும். ரப்பர் துகள் காற்றில் பறந்து வந்து மடியில் விழும். உள்பக்கத் தடம்தான் எல்லாருக்கும் வேண்டும், வெளிப்பக்கம் மாட்டியவன் ஐந்தாறு இடம் பின்னுக்குப் போய்விடுவான். முன்னால் போகிறவன் வழிவிடாவிட்டால் அவன் பின் பம்பரில் லேசாக ஒரு இடி. அவன் அரையடி நகர்ந்ததும் இவன் உள்ளே புகுந்துவிடுவான். அன்று வீட்டிலிருந்து அம்மா அழைத்தார். சத்தத்தைக் கேட்டுவிட்டு, "என்ன சாமி, மில்லுல நின்னுக்கிட்டா பேசற?" என்றார்.

பிக்கப் டிரக்கை வைத்து ஏன் ரேஸ் என்று எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் கேட்பார்கள். இந்த ஊர்ச் சாலையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும், பதில் கிடைத்துவிடும். விறகு ஏற்றுவதும் பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் சர்ச்சுக்குப் போவதும் பிக்கப்பில்தான். 1993ல் கலிபோர்னியாவில் பாலைவன ரேஸ் நடத்தும் சில முதலாளிகள் இந்த யோசனையை நாஸ்காரிடம் கொண்டுபோனார்கள். 1994ல் டேடோனாவில் மாதிரி வண்டியைக் காட்டியபோது ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. 1995 பிப்ரவரி 5ஆம் தேதி ஃபீனிக்ஸில் முதல் ரேஸ். மைக் ஸ்கின்னர் ஜெயித்தார், அந்த வருடச் சாம்பியனும் அவரே. ஆரம்பத்தில் பெரும்பாலும் சின்ன டிராக்குகளில்தான் ஓட்டினார்கள். பல இடங்களில் டயர் மாற்ற ஒழுங்கான பிட் வசதி கிடையாது. அதனால் ஃபுட்பால் மாதிரி பாதியில் பத்து நிமிட இடைவேளை விட்டு, அதற்குள் டயர் மாற்றிப் பெட்ரோல் போட்டுக்கொள்வார்கள். காசில்லாத சின்ன டீம்களும் தாக்குப்பிடிக்க அது உதவியது. அந்த இடைவேளையைப் பெரியவர் இன்றைக்கும் ஏக்கத்தோடு பேசுவார்.

முதல் வருடமே டிரக்குகள் மார்ட்டின்ஸ்வில்லுக்கு வந்துவிட்டன. 1995 செப்டம்பரில் நடந்த அந்த ரேஸில் ஜெயித்தது ஜோ ரட்மன். ஆனால் ஊரார் வாயில் அதிகம் அடிபடுவது 1999. ரிட்ஜ்வேயிலேயே பிறந்து வளர்ந்த ஜிம்மி ஹென்ஸ்லி 53 வயதில் சொந்த ஊரில் டிரக் ரேஸ் ஜெயித்தார். அதே வருடக் கடைசியில்தான் டல்டெக்ஸ் திவாலானது. பெரியவர் இரண்டையும் சேர்த்தேதான் சொல்வார், தனித்தனியாக அவருக்குச் சொல்ல வராது.

இங்கே ஜெயிப்பவருக்குக் கோப்பை தருவதில்லை. ஆளுயர ஊசல் கடிகாரம். 1964லிருந்து கார் ரேஸில் தொடங்கிய வழக்கம், ரிட்ஜ்வேயில் கடிகாரம் செய்கிற கம்பெனி இருந்ததால் எர்ல்ஸ் அதையே பரிசாக்கினார். உள்ளூர்க் கைவேலையைப் பரிசாகக் கொடுக்கத் தோன்றியதே, அதற்காகவே அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை.

எனக்கு மிக முக்கியமான ரேஸ் 2013 அக்டோபர் 26ல் நடந்தது. வெளிப்படையாகச் சொல்கிறேன், அதுவரை எங்களுக்கு அங்கே போகத் தயக்கம் இருந்தது. அப்போதெல்லாம் ரேஸ் வாரம் வந்தால் டிராக்கைச் சுற்றியுள்ள வெளியெல்லாம் கூடாரம் போட்டுவிடுவார்கள், பல கூடாரங்களில் அடிமை முறையைக் காப்பாற்றச் சண்டை போட்ட பழைய தெற்கு மாநிலக் கூட்டமைப்பின் கொடி பறக்கும். "நம்மள மாதிரி நிறத்துல யாராச்சும் அங்க போவாங்களாங்க?" என்று மனைவி கேட்டாள். பெரியவர் கறுப்பர். அவர் சொன்னது: "நான் போவேன். எங்கப்பாவும் போனார், வெண்டல் ஸ்காட்டைப் பார்க்க."

வெண்டல் ஸ்காட் இங்கிருந்து கிழக்கே 30 மைலில் உள்ள டான்வில்காரர். ராணுவத்தில் மெக்கானிக், ஊரில் டாக்ஸி டிரைவர், ராத்திரியில் கள்ளச்சாராயம் கடத்தியவர். கறுப்பர்களைச் சில டிராக்குகளில் உள்ளேயே விடாத காலத்தில், தன் வண்டியைத் தானே பழுது பார்த்து, மகன்களை உதவிக்கு வைத்துக்கொண்டு ஓட்டினார். 1963 டிசம்பர் 1, ஜாக்சன்வில்லில் நாஸ்காரின் உச்சப் பிரிவில் ஜெயித்தார். ஆனால் கொடியசைத்துக் கோப்பை கொடுத்தது இரண்டாவதாக வந்த பக் பேக்கருக்கு. கூட்டம் கலைந்த பிறகு, சுற்றுகளை எண்ணியதில் தவறு என்று சொல்லி வெற்றியை ஸ்காட் பேரில் எழுதினார்கள். அசல் கோப்பை மட்டும் வரவில்லை. 1990ல் அவர் இறந்தார். 2021ல்தான் நாஸ்கார் அவர் குடும்பத்தாருக்கு ஒரு கோப்பை கொடுத்தது.

1963ல் ஸ்காட் ஜெயித்த பிறகு ஐம்பது வருடத்துக்கு நாஸ்காரின் எந்தத் தேசியப் பிரிவிலும் ஒரு கறுப்பரும் ஜெயிக்கவில்லை. ஜெயித்தது 2013ல், நாங்கள் உட்கார்ந்திருந்த அந்த டிரக் ரேஸில். டாரெல் வாலஸ், எல்லாரும் பப்பா என்று கூப்பிடுகிற 20 வயதுப் பையன், அந்தப் பிரிவில் அது அவருக்கு முதல் வருடம். கொடி விழுந்ததும் பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. மறுவருடம் வாலஸ் அதே ரேஸுக்கு ஸ்காட்டின் 34ஆம் எண்ணை டிரக்கில் எழுதிக்கொண்டு வந்தார், மறுபடி ஜெயித்தார். 2015 ஜனவரியில் ஸ்காட்டை நாஸ்காரின் புகழரங்கத்தில் சேர்த்தார்கள். 2020 ஜூன் 10 அன்று அந்தப் பழைய கொடியை நாஸ்கார் தடை செய்தது. அன்றிரவு மார்ட்டின்ஸ்வில்லில் கார் ரேஸ் இருந்தது, வாலஸும் ஓட்டினார். கொரோனாவால் உள்ளே யாரையும் விடவில்லை, பெரியவரோடு எங்கள் வீட்டு டிவியில் பார்த்தோம்.

கார் ரேஸ்தான் பெரியது, கூட்டமும் அதற்குத்தான். ஆனால் குடும்பமாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது டிரக் ரேஸ். டிக்கெட் மலிவு. 200 சுற்று என்றால் 105 மைல், ரெண்டு ரெண்டரை மணி நேரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும். குழந்தைகளுக்குக் காதுக் கவசம் கட்டாயம் வேண்டும், வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். மெழுகுத்தாளில் சுற்றி விற்கிற ரோஸ் நிற ஹாட் டாக் இந்த டிராக்கின் அடையாளம், மேலே பொடியாக நறுக்கிய கோஸும் வெங்காயமும் கடுகுச் சாந்தும் போடுவார்கள். என் மனைவி தயிர்சாதம் கட்டிக்கொண்டு வருவாள். சில வருடங்களில் டிரக் ரேஸ் ஒன்றுதான், 2025ல் மார்ச்சிலும் அக்டோபரிலும் இரண்டு வைத்தார்கள். தூரத்திலிருந்து வருகிறவர்கள் ஒரு நாள் முன்னாலேயே வந்தால் டான்வில்லுக்கும் போய்வரலாம். அங்கே ஸ்காட்டின் பெயரில் ஒரு தெரு இருக்கிறது, அவரைப் பற்றி மாநில அரசு வைத்த பலகையும் இருக்கிறது.