பூவில் எடுக்காத தேன்

ஆறு வருடங்களுக்கு முன், ஒரு ஆனி மாதம், மதுரையிலிருந்து ஒரு அம்மா போனில் கூப்பிட்டார். "உங்க தேன் அடியில் சீனியா உறைஞ்சு கிடக்கு. பாகு காய்ச்சி ஊத்தினதா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஏமாந்துபோன வருத்தம்தான் குரலில் இருந்தது. கால் மணி நேரம் அவரிடம் பேசினேன். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும் என்றேன். அதில் உள்ள குளுக்கோஸ்தான் மணி மணியாகப் பிரிந்து அடியில் படிகிறது, பாட்டிலை இளஞ்சூட்டு வெந்நீரில் வைத்தால் பழையபடி இளகும், அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள் என்று எல்லாம் சொன்னேன். அவர் நம்பினார். நம்பிய பிறகு ஒன்று கேட்டார்: "இதைப் பாட்டில்லயே எழுதலாமே. அதுல வேற என்னமோல்ல இருக்கு?"

பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். "அடர்ந்த மலைக்காடுகளின் நறுமலர்களில் இருந்து சேகரிக்கப்பட்ட தூய அமுதம். குழந்தைகள் முதல் பெரியோர் வரை அனைவருக்கும் ஏற்றது." எழுதியது நான்தான். கடைகளில் கண்ட நாலைந்து பாட்டில்களின் வாசகங்களைச் சேர்த்துக் கோத்திருந்தேன். அச்சகத்தில் அதற்குப் பொருத்தமாக ஒரு சூரியகாந்திப் படம் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் சூரியகாந்தித் தோட்டம் ஒன்றுகூடக் கிடையாது. அதற்கும் சரி என்று சொல்லியிருக்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டி, குலசேகரத்தில் இருந்து திற்பரப்பு அருவிக்குப் போகும் சாலையில்தான் எங்கள் கடை. அப்பா தேன் பெட்டி வைத்தவர். அவருக்குப் பிறகு கடையையும் பெட்டிகளையும் நான் பார்க்கிறேன். இந்த வட்டாரத்தில் தேன் பெட்டி புதிய சங்கதி இல்லை. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் புனரமைப்பு மையம் சொல்லிக் கொடுத்த தொழில்களில் தேனீ வளர்ப்பும் ஒன்று. அப்புறம் ரப்பர் பெருகியது. இன்றைக்கு நாங்கள் எடுக்கும் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத்துத் தேன்தான்.

அந்தத் தேன் பூவில் இருந்து வருவதே இல்லை. ரப்பர் இலை மூன்று மூன்றாக இருக்கும். மூன்றும் காம்போடு சேரும் இடத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு. மார்கழி, தையில் மரம் மொத்தமாக இலை உதிர்த்துவிட்டு மறுபடி தளிர்விடும். செம்பு நிறத் தளிர் பச்சை பிடிக்கிற நாட்களில் அந்தச் சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறும். காலையில் தோட்டத்துக்குள் போனால் தலைக்கு மேல் ஒரே இரைச்சலாக இருக்கும். பால் வெட்ட வருகிறவர்கள்கூட அண்ணாந்து பார்ப்பார்கள். மாசி, பங்குனி இரண்டு மாதமும் எங்களுக்கு ஓயாத வேலை. சிறு வயதில் அப்பா ஒரு தளிரைக் கிள்ளி, காம்பு நுனியை என் நாக்கில் வைத்துக் காட்டியிருக்கிறார். அந்த ருசியை அறிந்த நான், எப்படி "நறுமலர்களில் இருந்து" என்று எழுதினேன்?

பயம்தான் காரணம் என்று இப்போது தெரிகிறது. இலையில் எடுத்த தேன் என்றால் மட்டமாக நினைப்பார்களோ என்ற பயம். நம் பேச்சு எழுத்துக்கு ஆகாது என்ற கூச்சம்.

இந்தக் கூச்சத்தை எல்லைப்புறத்துக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகவே சுமக்கிறோம். 1956 நவம்பர் 1 வரை எங்கள் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில், அதாவது மலையாளப் பக்கம், இருந்தவை. தாத்தா மலையாளப் பள்ளியில் படித்தவர். அவருடைய கணக்கு நோட்டு வீட்டில் இருக்கிறது. எழுத்து மலையாளம்; ஆனால் அம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டால் வருவது நாங்கள் வீட்டில் பேசும் தமிழ். "பெட்டி ரெண்டு சத்து. தேன் கொள்ளாம்." ரெண்டு பெட்டி செத்தது, தேன் பரவாயில்லை என்று அர்த்தம். என்னைப் பள்ளியில் திருத்தித் திருத்தி வளர்த்தார்கள். மரச்சீனி என்று எழுதினால் மரவள்ளிக்கிழங்கு என்று சிவப்பு மையில் மாற்றுவார்கள். ஆசிரியர்கள்மேல் குறை சொல்ல மாட்டேன், பரீட்சை என்று ஒன்று இருந்தது. ஆனால் எழுத உட்கார்ந்தாலே நான் வேறு ஆளாகிவிடுவது அங்கே தொடங்கிய பழக்கம்.

நான் நானாக எழுதிய முதல் எழுத்து ஒரு மறுப்புச் சீட்டு. மதுரை அம்மா கூப்பிட்ட அதே வருடம், ஆடியிலேயே தேன் தீர்ந்துவிட்டது. முன்பணம் அனுப்பியிருந்த பதினெட்டுப் பேருக்குப் பணத்தைத் திருப்பியாக வேண்டும். வெளியில் வாங்கி அடைத்துக் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அப்போது அப்பாவின் நினைப்பு வந்தது. 1991, 92-இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, நம் நாட்டுத் தேனீக் கூட்டங்களைக் கூண்டோடு அழித்தது. புழு பை மாதிரி நீர் கோத்துச் செத்துக் கிடக்கும். எங்கள் அறுபது பெட்டியில் மிஞ்சியது நாலு. கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் அப்பா, "ஈ செத்துப்போச்சு, இந்த வருஷம் தேன் இல்ல" என்று மட்டும் சொன்னார். அடுத்த வருடமும் அதையே சொன்னார்.

அதனால் பில்லின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதினேன்: "தேன் தீர்ந்துவிட்டது. இனி மாசியில்தான். மழையில் ஈக்கு வெளியே போக வழி இல்லை, பெட்டியில் இருப்பது அதன் சாப்பாடு, அதை எடுக்க மாட்டோம். பணம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேண்டுமானால் மாசியில் கூப்பிடுங்கள்." பதினெட்டுச் சீட்டு எழுத வேண்டிய அவசரம். அலங்காரத்துக்கு நேரம் இல்லை.

மாசியில் பதினோரு பேர் கூப்பிட்டார்கள். திருநெல்வேலியில் இருந்து அருவிக்கு வந்த ஒருவர் பர்ஸைத் திறந்து அந்தச் சீட்டையே எடுத்துக் காட்டினார். "இத எழுதினது நீங்கதானா?" என்று கேட்டார். என் லேபிளை யாரும் அப்படிப் பத்திரமாக வைத்திருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அன்று ராத்திரி லேபிளையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சீட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் யார் போனில் கேட்டாலும் என்னால் பதில் சொல்ல முடியும். லேபிளில் ஒரு வரிக்குக்கூட முடியாது. எந்த மலை, எந்தப் பூ என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

குழந்தைகள் பற்றிய வரி அதைவிட மோசம். திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஒரு நர்ஸ் அதை வாசித்துவிட்டு, "சேச்சி, ஒரு வயசு ஆகாத்த குட்டிக்கு தேன் கொடுக்கான் பாடில்லா" என்றார். கொடுக்கவே கூடாதாம். தேனில் சில நேரம் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்து கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம் என்று விளக்கினார். எங்கள் வீட்டிலேயே பிறந்த பிள்ளைக்குத் தேன் தொட்டு நாக்கில் வைக்கும் வழக்கம் உண்டு. நானும் வைத்திருக்கிறேன். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தெரியாமல் இரவல் வாங்கிய ஒரு வரி, எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும்!

மீதி லேபிளைக் கிழித்தெறிந்தேன். அதில் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் போனது. புதியதை எழுத மூன்று வாரம் ஆனது. கடையில் பேசுவதை அப்படியே எழுதினால் போதும் என்று என் தம்பி மகன் சொன்னான். அது முழுசாகச் சரிவரவில்லை. கடையில் எதிரே ஆள் நிற்கிறார்; முகம் பார்த்து விஷயத்தைக் கூட்டுகிறேன், குறைக்கிறேன். தாளில் அந்த முகம் இல்லை. "சூடு வெள்ளத்தில் வையுங்கள்" என்று எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்த கோயம்புத்தூர்த் தோழி, "வெள்ளமா?" என்று திகைத்தாள். எங்களுக்குக் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான். அந்த இடத்தில் 'வெந்நீர்' என்று மாற்றினேன், ஏனென்றால் தப்பாகப் புரிந்தால் தேன் கெட்டுப்போகும். "பைய இளகும்" என்பதை மாற்றவில்லை. மெதுவாக என்று போட்டுப் பார்த்தேன், பிடிக்கவில்லை. தேன் பையத்தான் இளகுகிறது.

இப்போது பாட்டிலோடு ஒரு துண்டுச்சீட்டு போகிறது. ரப்பர் இலைக்காம்பில் ஊறிய தேன் என்பதில் தொடங்கும். எந்த மாதம் எடுத்தது, பெட்டி எந்தப் பக்கம் இருந்தது, உறைந்தால் என்ன செய்வது, ஒரு வயது ஆகாத பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. கேரளத்துக்குப் போகும் பாட்டிலுக்கு அம்மா சொல்லச் சொல்ல மலையாளத்தில் எழுதுகிறேன். அம்மா பாதியில் நிறுத்தி, "இப்படி யாரும் பேச மாட்டாங்க" என்று சொன்னால் அடித்துவிட்டு மறுபடி எழுதுவேன்.

ஒரு வரியை மட்டும் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். மழை மாதங்களில் பூவும் தளிரும் இல்லாதபோது ஈக்கள் பட்டினியில் சாகாமல் இருக்கச் சீனிப் பாகு வைக்கிறோம். பெட்டித் தேனீ வளர்ப்பவர்களிடம் பரவலாக உள்ள முறைதான். தளிர் ஊறத் தொடங்கியதும் பாகை நிறுத்திவிடுவோம். தேன் எடுப்பது பெட்டியின் மேல் அறையில் இருந்து மட்டும்; கீழ் அறை ஈக்கும் அதன் புழுவுக்கும். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் சீனி என்ற சொல்லைத் தேன் பாட்டிலோடு அனுப்பக் கை வரவில்லை. அந்தச் சொல்லை வைத்துத்தானே மதுரை அம்மா என்னைக் கேட்டார்.

போன வருடம் எழுதிவிட்டேன். வழக்கமாக வாங்கும் மூன்று பேர் நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவர் இருபது வருடப் பழக்கம், அப்பா காலத்து ஆள். அவரிடம் நேரில் போய்ப் பேசிப் பார்த்தேன், மனம் மாறவில்லை. இன்னும் வலிக்கிறது. அந்த வரியை எடுக்கவில்லை. மதுரை அம்மாவுக்கு அந்தச் சீட்டோடு இரண்டு பாட்டில் போனது. "வாசிச்சேன்" என்றார். அப்புறம், "ஒரு பெட்டிக்கு எத்தனை கிலோ சீனி ஆகும்?" என்று கேட்டார். சொன்னேன்.

இப்போது தை. பாதிப் பெட்டிகள் எல்லை தாண்டி ஒரு தோட்டத்தில் இருக்கின்றன. தளிர் இன்னும் செம்பு நிறம் மாறவில்லை. அச்சகத்தில் இந்த வருடச் சீட்டை எப்போது தருவீர்கள் என்று கேட்டார்கள். பெட்டியைத் திறந்து மேல் அறையைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.