லோயஸ் மண்ணும் ரைன் காடும்: கைசர்ஷ்டூலில் மவுண்டன் பைக்

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், ஃப்ரைபுர்க் நகரத்துக்கு மேற்கே, ரைன் சமவெளியின் நடுவில் தனித்து நிற்கிற மலைத்திட்டு கைசர்ஷ்டூல். ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே அணைந்துபோன எரிமலை. மிக உயரமான டோட்டன்கோப்ஃப் சிகரமே 557 மீட்டர்தான். ஃப்ரைபுர்க்கில் மவுண்டன் பைக் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கிழக்கே பிளாக் ஃபாரஸ்ட் மலைகளுக்குத்தான் போவார்கள். ரோஸ்கோப்ஃப் மலையில் பைக்குக்கென்றே போட்ட பார்டர்லைன் டிரெயில் இருக்கிறது. குதிக்க, வளைய எல்லாம் அங்கே வசதி. நானும் அங்கேதான் ஓட்டிப் பழகினேன். போன வசந்தத்திலிருந்து எதிர்த் திசையில், பிரைசாக் போகும் ரயிலில் பைக்கை ஏற்றிக்கொண்டு போகிறேன். இப்போதைக்கு மனசு இந்தப் பக்கம்தான்.

காரணம் மண். மலைச்சரிவில் அடுக்கடுக்காக அமைத்த திராட்சைத் தோட்டங்களுக்குக் கீழே இருப்பது லோயஸ். பனியுகத்தில் ரைனின் வறண்ட படுகையிலிருந்து காற்று அள்ளிக் கொண்டுவந்து இந்த எரிமலைப் பாறை மேல் கொட்டிய நுண்தூசி, சில இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்து கிடக்கிறது. மலையிலிருந்து மேற்கே இறங்கினால் ஆற்றங்கரைக் காடு: சரளை, வண்டல், வேர், ஈரம். காய்ந்த தூசியில் பழகியது ஈர வண்டலில் உதவாது. அங்கே பழகியது இங்கே உதவாது. ஒரே நாளில் இரண்டிலும் ஓட்டக் கிடைக்கிற இடம் வேறெங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

என் சுற்று இப்படிப் போகும். பிரைசாக்கில் இறங்கி, ரைன் கரையணை ஓரமாக வடக்கே புர்க்ஹைம். அங்கிருந்து ஆற்றுக்காடு வழியே ஸ்போனெக் கோட்டை, சாஸ்பாக், லிம்பெர்க் குன்று. பிறகு கிழக்கே திரும்பி எண்டிங்கன். அங்கிருந்து கட்டரீனன்பெர்க் ஏற்றம், மலைமுகட்டுக் காட்டில் தெற்கு நோக்கி ஐஷெல்ஷ்பிட்சே, ஃபோகல்சாங் கணவாய், டோட்டன்கோப்ஃப். கடைசியாகத் திராட்சைத் தோட்டங்கள் வழியே இஹ்ரிங்கன் இறக்கம், மறுபடியும் பிரைசாக்.

ஆற்றுக்காட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. இந்தக் காட்டுக்குள் சமதளத்தில் சும்மா மிதித்துப் போய்விடலாம் என்று வரைபடத்தைப் பார்த்தால் தோன்றும். அப்படி இல்லை. 1817இல் தொடங்கி 1876 வரை நடந்த ரைன் சீரமைப்பில், பொறியாளர் யோஹான் காட்ஃப்ரீட் டுல்லாவின் திட்டப்படி, ஆற்றின் வளைவுகளை வெட்டி நேராக்கினார்கள். பாசல், வோர்ம்ஸ் நகரங்களுக்கு இடையில் ஆறு சுமார் 81 கிலோமீட்டர் குறுகிவிட்டது. நீளம் குறைந்ததும் நீரோட்டம் வேகமெடுத்தது, படுகையைத் தோண்டிக்கொண்டு ஆழமானது, நிலத்தடி நீரும் இறங்கியது. அதற்குப் பிறகு பிரெஞ்சுப் பக்கத்தில் வெட்டிய அல்சாஸ் பெருங்கால்வாய் பிரைசாக்குக்குத் தெற்கே தண்ணீரின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. அதனால் பிரைசாக்குக்குத் தெற்கே போனால் ஆற்றுக்காடு என்ற பேரில் வறண்ட சரளைக் காடு. முள்ளும் புதரும்தான் அதிகம். வடக்கே நீர்மட்டம் ஓரளவு மேலே இருப்பதால் வில்லோ மரங்களும், மரத்தைச் சுற்றி ஏறும் கொடிகளும், தேங்கிய பழைய ஆற்றுக் கிளைகளும் இன்னும் இருக்கின்றன. நான் எப்போதும் வடக்கே போவதற்கு இதுதான் காரணம்.

ஓட்டத்துக்கு இந்த வரலாறு எதற்கு என்றால், டயருக்குக் கீழே வருவது இதுதான். பழைய ஆற்றுப்படுகை கடக்கும் இடத்தில் உருண்டைக் கற்கள். வெள்ளம் வந்து போன இடத்தில் விரல் ஆழத்துக்கு வழுக்கு வண்டல். மேடான இடத்தில் வேர். பாதை எங்கே தாழ்கிறதோ அங்கே அடுத்த சில மீட்டருக்குள் மண் மாறும். இதைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு வேகத்தை முன்கூட்டியே சரிசெய்ய முடிகிறது. வேர்களைச் சாய்வாகக் கடக்காமல் செங்குத்தாகக் கடக்கிறேன். அந்த நொடியில் பிரேக்கைத் தொடுவதே இல்லை. ஈர வேரில் சக்கரம் சறுக்குவது பெரும்பாலும் பிரேக் போடும்போதுதான்.

டயர் காற்றழுத்தத்தை நிறையவே மாற்றி மாற்றிப் பார்த்தேன். 2.4 அங்குல டியூப்லெஸ் டயரில் என் எடைக்கு முன்னால் 1.5 பார், பின்னால் 1.7 பார் காட்டுக்குப் பொருந்துகிறது. ஆனால் தோட்டப் பாதைகள் பல கான்கிரீட் போட்டவை, அங்கே இது மந்தமாக இருக்கும். வழியில் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்தான். நான் அப்படியே விட்டுவிடுகிறேன், சிறிய கை பம்ப்பில் அடிக்கிற நேரத்தில் ஒரு குன்று ஏறிவிடலாம்.

கொசுவைச் சொல்லாமல் விடக்கூடாது. கோடை வெள்ளம் வடிந்த அடுத்த சில வாரங்களில் காட்டுக்குள் நின்று சங்கிலி மாட்டுவது பெரிய பாடு. ரைன் கரை ஊராட்சிகள் சேர்ந்து பிடிஐ என்ற பாக்டீரியா மருந்தை ஹெலிகாப்டரில்கூடத் தூவுகின்றன, அதனால்தான் நிலைமை இந்த அளவிலாவது இருக்கிறது. உண்ணி அதைவிட முக்கியம். கைசர்ஷ்டூல் இருக்கிற பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் உண்ணிக் கடியால் வரும் மூளைக்காய்ச்சலுக்கான ஆபத்துப் பகுதி, தடுப்பூசி இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

சரி, மலைக்கு வருவோம். எண்டிங்கனிலிருந்து கட்டரீனன்பெர்க் உச்சியில் இருக்கும் சிறு தேவாலயம் 492 மீட்டரில், ஊரிலிருந்து சுமார் 300 மீட்டர் ஏற்றம். முதல் பாதி திராட்சை அடுக்குகளுக்கு நடுவே, வெயிலில். காய்ந்த லோயஸ் சலித்த மாவு மாதிரி; எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் அதே இடத்தில் சுழலும். ஆரம்பத்தில் இந்த ஏற்றத்தைப் பல இடங்களில் நின்று நின்றுதான் முடித்தேன். இப்போது சீட்டின் முன்முனைக்கு நகர்ந்து, முழங்கைகளைத் தாழ்த்தி, சின்ன கியரில் சீராக மிதித்து, நிற்காமல் தேவாலயம் வரை போகிறேன். கால் பலம் கூடியது ஒரு காரணம்தான். எந்தத் தடத்தில் டிராக்டர் சக்கரம் மண்ணை இறுக்கி வைத்திருக்கிறது என்று பார்த்து அதன்மேலேயே போவது அதைவிடப் பெரிய காரணம்.

மழை பெய்து விட்டால் கதையே வேறு. நனைந்த லோயஸ் டயரில் அப்பி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடையில் அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். டயரின் புடைப்புகள் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பயனில்லை. மழைக்கு மறுநாள் நான் அடுக்குகளின் மண் பாதைக்குப் போவதில்லை. கான்கிரீட், இல்லையென்றால் சரளை. பைக்குக்காக மட்டும் இல்லை. ஈர மண்ணில் விழும் சக்கரத் தடம் அடுத்த மழைக்கு ஓடையாகிவிடும். லோயஸை நீர் அரிக்கத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். இங்கே பழைய பள்ளப்பாதைகள் உண்டானதே அப்படித்தான்: நூற்றாண்டுகளாக வண்டிச் சக்கரம் இளக்கிய மண்ணை மழை அடித்துக்கொண்டு போய், இரு பக்கமும் செங்குத்துச் சுவர் நிற்கிற ஆழமான பாதைகள் வந்தன.

அந்தச் சுவர்கள் காய்ந்திருக்கும்வரை இடியாமல் நிற்கும். காட்டுத் தேனீக்கள் அதில் துளையிட்டுக் குடியிருக்கின்றன. ஐரோப்பியப் பஞ்சுருட்டானும் அதே மாதிரி மண்சுவரில் வளை தோண்டிக் கூடு வைக்கிறது. ஜெர்மனியில் அரிதாகிப்போயிருந்த இந்தப் பறவை, 1990 வாக்கில் கைசர்ஷ்டூலுக்குத் திரும்பி வந்தது. மே முதல் ஆகஸ்ட் வரை அடுக்குகளின் மேலே கூட்டமாகப் பறக்கும். அதன் நிறங்களைப் பார்த்தால் நம்பவே முடியாது. கூடுள்ள சுவருக்கு எதிரே பைக்கை நிறுத்தி வேடிக்கை பார்க்கவேண்டாம், தாய்ப்பறவை வளைக்குள் வராது. தள்ளி, எதிர்ச் சரிவிலிருந்து பாருங்கள். பைனாகுலர் எடுத்துப்போனால் நல்லது.

சட்டத்தையும் சொல்லியாகவேண்டும். பாடன்-வுர்ட்டம்பர்க் வனச் சட்டப்படி, தனி அனுமதி உள்ள பாதைகள் தவிர, இரண்டு மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள காட்டுப்பாதையில் சைக்கிள் ஓட்டக்கூடாது. மலைமுகட்டில் நடைபயணிகளின் ஒற்றையடிப் பாதை அழகாகப் போகும், பக்கத்திலேயே அகலமான காட்டு ரோடு. நான் ரோட்டில்தான் போகிறேன். இரண்டு மீட்டர் விதி தேவைக்கு அதிகமாகக் கடுமையானது என்பது என் கருத்து. கூட்டமில்லாத நேரத்தில் ஒற்றையடிப் பாதையைப் பகிர்ந்துகொள்ள முடியும். ஆனால் கைசர்ஷ்டூல் போன்ற சின்ன இடத்தில், பாட்பெர்க் சரிவில் ஆர்க்கிட் பூக்கிற புல்வெளிகளுக்கு அருகில், அந்த விதி அவற்றைக் காப்பாற்றியிருப்பதையும் பார்க்கிறேன். தோட்ட வரிசைகளுக்குள் நுழைவது எந்த மாதத்திலும் கிடையாது. அறுவடைக் காலத்தில் டிராக்டருக்கு வழிவிட்டு முழுசாக நின்றுவிடுவேன். அது அவர்கள் வேலை நாள்.

இறக்கத்தில்தான் முன்னேற்றம் நன்றாகத் தெரிகிறது. டோட்டன்கோப்ஃபிலிருந்து இஹ்ரிங்கன் நோக்கி வரும்போது காட்டு ரோட்டின் சரளைத் திருப்பங்கள் அடுத்தடுத்து வரும். பிரேக் முழுவதையும் திருப்பத்துக்கு முன்பே முடித்துவிட்டு, வெளிப்பக்க பெடலை கீழே அழுத்தி, உடலை நிமிர்த்தி வைத்தபடி பைக்கை மட்டும் சாய்ப்பது. இது கைக்கு வர ரொம்ப நாள் ஆனது. இப்போது முன்சக்கரம் சரளையில் லேசாக நகர்ந்தாலும் கை இறுகுவதில்லை.

கீழே ஊர்களில் திராட்சை விவசாயிகள் தங்கள் வீட்டு முற்றத்திலேயே நடத்துகிற ஷ்ட்ராவ்ஸ்விர்ட்ஷாஃப்ட் என்ற கடைகள் உண்டு. வருஷத்தில் நான்கு மாதம் வரைதான் திறக்கலாம், 40 இருக்கைக்கு மேல் கூடாது, ஒயினில் சொந்தமாகத் தயாரித்ததைத்தான் விற்கலாம். ஓட்டம் மீதி இருந்தால் நான் திராட்சைச் சாறு சோடா கலந்து வாங்குவேன். ரயிலேறிய பிறகுதான் பீனோ நுவார் என்ற சிவப்பு ஒயின் எல்லாம். இங்கே அதற்கு ஷ்பேட்புர்குண்டர் என்று பெயர், எரிமலைப் பாறையில் விளைந்ததைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து நான் போக நினைப்பது வடக்கே இன்னும் தள்ளி இருக்கும் தவ்பர்கீசன். 1979இல் பாதுகாக்கப்பட்ட ஆற்றுக்காடு, நிலத்தடி நீர் ஊற்றெடுத்து ஓடும் தெளிந்த ஓடைகள் அங்கே நிறைய. சைக்கிளுக்கு அனுமதித்த பாதைகளை வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறேன். அந்த நாளுக்கு முன் டயருக்கு 1.9 பார் ஏற்றவேண்டும், பாதி தூரம் கரையணை ரோடுதான்.