தன்னார்வலர் விருதுக்கு நடுவராக உட்கார்ந்தால்: சேலம், ஏற்காடு அனுபவம்

சேவை விருதுக்கு வரும் விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்த்தாலே ஒரு வேறுபாடு கண்ணில் படும். அலுவலகமும் ஆளும் உள்ள அறக்கட்டளையின் விண்ணப்பம் வண்ண அட்டை போட்டு, ஐம்பது பக்கத்தில் வரும். கொண்டலாம்பட்டிப் பக்கம் முதியவர்களைக் காசு வாங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரருக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் எழுதித் தரும் தாள் ஒரு பக்கம்தான் இருக்கும், அதிலும் பாதி காலி. தாளை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால், விருது நன்றாக எழுதத் தெரிந்தவருக்கே போகும். நடுவர் குழுவின் வேலை முழுவதும் இந்த ஒரு தப்பைத் தடுப்பதற்காகத்தான்.

முதலில் பிரிவுகள். தனி ஆள், பதிவு செய்யாத சிறு குழு, பதிவு பெற்ற அமைப்பு ஆகிய மூன்றையும் ஒரே பட்டியலில் போடவே கூடாது. பதிவுச் சான்றும் தணிக்கை அறிக்கையும் மூன்றாவது பிரிவுக்கு மட்டும் கட்டாயம். முதல் இரண்டு பிரிவுகளிலும் அதைக் கேட்டால், உண்மையாக உழைப்பவர்களில் பாதிப் பேர் விண்ணப்பமே போட மாட்டார்கள். பரிந்துரையை வாயால் சொல்லவும் வழி வையுங்கள். ஒருவர் போனில் சொல்லச் சொல்லக் குழுவில் ஒருவர் எழுதிக்கொண்டு, திரும்பப் படித்துக் காட்டினால் போதும்.

விழா டிசம்பர் 5, சர்வதேசத் தன்னார்வலர் தினத்தன்று என்றால், பரிந்துரைகளை ஜூன் கடைசியில் மூடிவிட வேண்டும். ஜூலையில் வடிகட்டல், ஆகஸ்ட், செப்டம்பரில் கள ஆய்வு, அக்டோபர் நடுவில் முடிவு. இதைத் தள்ளிப்போட்டால் ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்வோம். ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. மண் சரிந்து பாதையை அடைத்தால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டியிருக்கும். அதற்கு மேல் கார்த்திகையில் காப்பிப் பழம் பறிக்கும் வேலை சூடு பிடித்துவிடும், பகலில் ஊரில் விசாரிக்க ஆள் கிடைக்காது.

குழுவில் ஐந்து பேர் இருந்தால் நல்லது. ஒருவர் கணக்கு படிக்கத் தெரிந்தவர், ஒருவர் ஆஸ்பத்திரி அல்லது சமூகப் பணி அறிந்தவர், ஒருவர் கட்டாயம் மலைக்காரர். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் மூன்று பேராவது தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

இனி சரிபார்ப்பு. நேரம் அதிகம் பிடிப்பது இதற்குத்தான், பிடிக்கட்டும்.

ரத்ததானம் செய்தவர்களின் விண்ணப்பத்தில் எண்ணிக்கைதான் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். ஆண்கள் ஒரு முறை முழு ரத்தம் கொடுத்தால் அடுத்து கொடுக்க 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். ஆகவே ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் வராது. 18 வயதில் தொடங்கிய 38 வயதுக்காரர் ஒருவர் நூற்றைம்பது முறை கொடுத்ததாக எழுதியிருந்தால் கணக்கு உதைக்கும், 20 ஆண்டில் சுமார் 80 முறைதான் முடியும். ஆனால் உடனே பொய் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ரத்தத்தில் உள்ள தட்டணுக்களை (பிளேட்லெட்) மட்டும் பிரித்துக் கொடுப்பவர்கள் இதைவிட அடிக்கடி கொடுக்கலாம். எது எத்தனை என்று பிரித்துக் கேட்டு, ரத்த வங்கி தந்த அட்டைகளோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். முகாம் நடத்தியவர், ரத்தம் கொடுத்தவர், நடுராத்திரியில் கொடுக்க ஆள் தேடித் தந்தவர் ஆகிய மூவரின் உழைப்பும் வேறு வேறு. மூன்றாமவர் தன்னைப் பற்றி எழுதவே மாட்டார்.

அன்னதானத்துக்கு அரிசிக் கணக்கு. ஒரு கிலோ அரிசியில் ஏறக்குறைய பத்துப் பேர் சாப்பிடலாம். தினமும் 500 பேருக்குச் சாப்பாடு என்றால் நாளுக்கு 50 கிலோ, அதாவது 25 கிலோ சிப்பம் இரண்டு. மாதத்துக்கு 60 சிப்பம். செவ்வாய்ப்பேட்டை மண்டி ரசீதோ, அரிசி கொடுத்தவர் பெயரோ, ஏதாவது ஒன்று இருந்தே தீரும். பில்லில் 20 சிப்பம்தான் என்றால் பேசிப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போடுவதை ‘தினமும்’ என்று எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் அது ஏமாற்று இல்லை, விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் ஊதிவிட்டதாக இருக்கும். வாரம் இரண்டு நாள் ஐந்து வருடமாகத் தவறாமல் போட்டிருந்தால் அதுவே பெரிய காரியம், திருத்தி எழுதி மதிப்பெண் போடுங்கள்.

மரக்கன்றுக்கு நட்ட எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒரு கோடையைத் தாண்டி நிற்கும் எண்ணிக்கையைக் கேட்க வேண்டும். நேரில் போய், நட்ட வரிசையில் பத்தாவது கன்று, இருபதாவது கன்று என்று 50 இடங்களைப் பாருங்கள். எத்தனை நிற்கிறது, கூண்டு இருக்கிறதா, தண்ணீர் யார் ஊற்றுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கூட வருபவர் காட்டும் இடத்தை மட்டும் பார்த்தால் செழித்த கன்றுதான் கண்ணில் படும். மலையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காப்பித் தோட்டத்து நிழலுக்கும் மிளகுக் கொடி ஏற்றவும் வைத்த சில்வர் ஓக் மரங்கள் தொழிலுக்கானவை. அந்த எண்ணிக்கை சேவைக் கணக்கில் சேரக் கூடாது.

ஏரி வேலை என்றால் முதல் கேள்வி, எடுத்த மண் எங்கே போனது. மூக்கனேரியில் அந்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் வளர்த்தது ஊரறிந்த நல்ல முன்மாதிரி. மண் லாரியில் வெளியே போயிருந்தால் யார் அனுமதி கொடுத்தார், எங்கே கொட்டினார்கள் என்று தாள் வேண்டும். அடுத்து, நீர்வரத்து வாய்க்காலைத் தொட்டார்களா என்று பாருங்கள். கரையை அழகுபடுத்தி, வாய்க்காலை அடைத்தபடி விட்ட வேலைக்கு அடுத்த மழையிலேயே விடை தெரிந்துவிடும்.

குழந்தைகள் இல்லம் நடத்துபவர்களிடம் சலுகையே கூடாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு கட்டாயம், நிலுவையில் புகார் இருக்கிறதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்காமல் பெயரை அடுத்த சுற்றுக்கு அனுப்பக் கூடாது. விண்ணப்பத்தோடு குழந்தைகளின் முகம் தெரியும் படங்களை ஒட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. படங்களைத் திருப்பி அனுப்பி, காரணத்தைச் சொல்லுங்கள். தெரியாமல் செய்தவர் வருத்தப்பட்டு எடுத்துவிடுவார். எடுக்க மறுப்பவர் தன்னைப் பற்றி நமக்கு ஒன்று சொல்லிவிட்டார்.

பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு மூன்று ஆண்டு வரவு செலவு போதும். நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க உதவும் 80ஜி சான்றில் காலாவதித் தேதியைப் பாருங்கள், தற்காலிகப் பதிவா என்றும் பாருங்கள். ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாக வாங்கிய நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டு என்று ரசீதில் அச்சிட்டிருந்தால் கணக்கு சரியாகப் பார்ப்பவர் யாரும் அங்கே இல்லை என்று அர்த்தம். அதே நேரம், சம்பளச் செலவைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் சம்பளம்தான் சேவையே.

பயன்பெற்றவர்களிடம் பேசும்போது, அமைப்பு கொடுத்த பட்டியலில் இல்லாத மூன்று பேரையாவது தேடிப் பிடியுங்கள். ‘நல்லவங்களா?’ என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். ‘கடைசியாக எப்போ வந்தாங்க? வராத மாசம் யார்கிட்ட சொல்லுவீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். படம் எடுக்கவோ அவர்களுடைய கஷ்டத்தை விவரமாகச் சொல்லவைக்கவோ கூடாது. உதவி வாங்கியதற்காக ஒருவர் நம் முன் தலை குனிந்து நிற்கும்படி ஆகிவிட்டால் அந்த விசாரணை தோற்றது.

மாரமங்கலம், செம்மநத்தம் போன்ற மலை ஊர்களுக்குப் போகும்போது ஒரு நாளில் இரண்டு இடத்துக்கு மேல் திட்டமிட வேண்டாம். போன் சிக்னலை நம்ப முடியாது. முன்கூட்டியே ஊர்ப் பெரியவரிடம் சொல்லிவிட்டு, கூலி வேலை முடிந்து ஆட்கள் திரும்பும் மாலை நேரத்தில் போவதே சரி. மேலே நோயாளியைத் தொட்டிலில் கட்டித் தார்ச்சாலைவரை தூக்கி வருபவர்கள் அதைச் சேவை என்றே நினைப்பதில்லை. நாம்தான் பெயர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

மதிப்பெண் கூட்டம். நாங்கள் வைப்பது 100: தொடர்ச்சி 30, பயன் 30, தன் கையிலிருந்து கொடுத்த உழைப்பும் நேரமும் 20, நேர்மையும் கணக்கும் 20. கூட்டுத்தொகையை மட்டும் நம்பினால் தவறு வரும். ஒரு உதாரணம்: முதல் நடுவர் ‘அ’வுக்கு 90, ‘ஆ’வுக்கு 60 போடுகிறார். இரண்டாமவர் 70, 74. மூன்றாமவர் 71, 75. கூட்டினால் அ 231, ஆ 209. ஆனால் மூவரில் இருவர் ஆவைத்தான் மேலே வைத்திருக்கிறார்கள். கையை அகலமாக வீசி மதிப்பெண் போடும் ஒருவரே முடிவைத் தீர்மானித்துவிடுகிறார். அதனால் ஒவ்வொரு நடுவரின் மதிப்பெண்ணையும் 1, 2, 3 என்ற வரிசையாக மாற்றிக் கூட்டுவோம், கூட்டுத்தொகை குறைந்தவரே மேலே. நடுவர்கள் போட்ட மதிப்பெண்ணுக்குள் இடைவெளி 20-க்கு மேல் போன விண்ணப்பத்தை மட்டும் திரும்ப எடுத்துப் பேசுவோம். பெரும்பாலும் ஒருவர் நேரில் பார்த்திருப்பார், மற்றவர் தாளை மட்டும் படித்திருப்பார்.

சேலம் பெரிய ஊர்தான், ஆனால் சேவை செய்கிறவர்கள் வட்டம் சின்னது. ஒரே சங்கம், ஒரே கிளப், சம்பந்தி உறவு எல்லாம் வரும். தொடங்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். அந்தப் பெயர் வரும்போது அந்த நடுவர் எழுந்து வெளியே போக வேண்டும், ‘நான் பேச மாட்டேன், உட்கார்ந்திருக்கிறேன்’ என்பது போதாது. சிபாரிசு போன் வந்தால் யார், எப்போது என்று குறிப்பேட்டில் எழுதி எல்லாரிடமும் காட்டுவோம். இது தெரிந்த பிறகு போன்கள் குறையும்.

அறிவிக்கும் முன் சம்பந்தப்பட்டவரிடம் சம்மதம் கேளுங்கள். உறவு இல்லாத பிணங்களை அடக்கம் செய்பவரும், வீட்டில் அடிபட்டு வரும் பெண்களுக்கு இடம் கொடுப்பவரும் படம் பத்திரிகையில் வருவதை விரும்பாமல் இருக்கலாம். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வற்புறுத்தினால் அவர்களுடைய வேலையே கெடும்.

விழாவில் கேடயத்தையும் பொன்னாடையையும் விட, மேடையில் வாசிக்கும் பாராட்டுரைக்கு நேரம் செலவிடுங்கள். ஐம்பது அறுபது சொல் போதும், அதில் செய்த வேலை மட்டும் வர வேண்டும். முன்னதாகவே அவரிடம் படித்துக் காட்டினால் பிழை இருக்காது. பணமுடிப்பைப் பாஸ்புக்கில் உள்ள பெயருக்கு அனுப்ப வேண்டும், தலைப்பெழுத்து மாறினால் திரும்பி வந்துவிடும். மலையிலிருந்து வருபவருக்கு ஒரு நாள் கூலி போகிறது, அதையும் பஸ் செலவையும் கையில் கொடுங்கள். கடைசி பஸ்ஸுக்கு முன் அவர் விருது வாங்கிவிடும்படி வரிசை போடுங்கள், முக்கியப் பிரமுகர்கள் பேச்சு அதற்குப் பிறகு நடக்கட்டும்.

விருது கிடைக்காதவர்களுக்கும் எது குறைந்தது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள், தாள்கள் சரியில்லாததால் நின்றுபோனவர்களுக்கு அடுத்த ஆண்டு விண்ணப்பத்தை நாமே எழுதித் தரலாம். வாங்கி வைத்த ஆதார் நகல்களை விழா முடிந்த வாரத்திலேயே கிழித்து அழித்துவிட்டு, அழித்தவர் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.