பிரசாரணத்துக்குப் பப்பாசி

முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காய்ப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானத்துக்கு ஒரே ஒரு ஆசிரியர் இருப்பது புதினமில்லை. சந்தேகம் வந்தால் கேட்க அடுத்த வகுப்பில் ஆளில்லை. எனக்கு விஞ்ஞான ஆசிரியர்களின் முகநூல் குழுதான் துணை.

பிரசாரணம், அதாவது தண்ணீர் மெல்லிய சவ்வுக்குள்ளால் கெட்டிக் கரைசல் பக்கம் போவதைப் படிப்பிக்க வேண்டும், வழக்கமாகச் செய்து காட்டும் உருளைக்கிழங்கு விற்கிற விலையில் வேறு வழி உண்டா என்று அங்கே கேட்டேன். மட்டக்களப்பு ரீச்சர் ஒருவர் பச்சைப் பப்பாசியே போதும் என்றார். பாதியாக வெட்டி, விதை எடுத்து, வெளித்தோலைச் சீவி, உள்ளே கெட்டிச் சீனிக்கரைசல் ஊற்றித் தண்ணீர்த் தட்டில் வையுங்கோ, தோலைச் சீவாவிட்டால் தண்ணீர் ஏறாது என்று விளக்கமாக எழுதியிருந்தார். கரைசல் மட்டத்தில் குண்டூசி குத்தி வைத்தோம். பள்ளிக்கூடம் விடுமுன் கரைசல் ஏறி ஊசி மூழ்கிவிட்டது! இதையே கொழும்புப் பக்கம் மகரகமவில் நடக்கும் ஆசிரியர் செயலமர்வில் படிப்பதென்றால் இரவு பஸ் பிடிக்க வேண்டும்.

நான் இருக்கும் வட்ஸ்அப் குழு வேறு கதை. காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே சுற்றறிக்கையைத் தேட வேண்டும்.

சரி, மின்னோட்டத்துக்குச் செலவில்லாத செய்முறை தெரிந்தவர்கள் கீழே போடுங்கோ. அடுத்த கிழமை தரம் 10க்கு அதுதான் பாடம்.