திரும்பி வர்ற டிக்கெட்

2011-இல் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு நாவலில் இருந்த குதிரைகள் அத்தனைக்கும் மணப்பெண்ணை மாட்டிவிட்டேன்.

ஆங்கிலத்தில் மணப்பெண் 'பிரைடு', கடிவாளம் 'பிரைடில்'. நடுவில் ஓர் எழுத்துதான் கூடுதல். ஸ்கேன் செய்த பழைய புத்தகத்தை ஓ.சி.ஆர் மென்பொருள் படிக்கும்போது சில பக்கங்களில் மணப்பெண் கடிவாளமாகியிருந்தாள். ஒவ்வொன்றாகப் பார்க்கப் பொறுமையில்லாமல் கடிவாளத்தையெல்லாம் மணப்பெண்ணாக மாற்றும்படி ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டு 'ஆல்' தட்டினேன். மறுநாள் க்யூ.சி. என்கிற தரச் சோதனையில் பிடிபட்டது. நாயகன் குதிரையின் தலையில் மணப்பெண்ணைப் பூட்டி, வாரை இறுக்கி, லாயத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறான். டீம் லீட் சிரிக்கவில்லை. அலுவலகத் தளமே சிரித்தது.

வேலை இதுதான்: அமெரிக்கப் பதிப்பகங்களின் பழைய நாவல்களை மின்னூலாக்கும்போது பிழை பார்ப்பது. சென்னையிலும் புதுச்சேரியிலும் இந்தத் தொழில் பெரிது. சிலருக்கு மருத்துவ நூல், சிலருக்குச் சட்ட நூல். எங்கள் குழுவுக்கு விழுந்தது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேற்கில் நடக்கும் காதல் கதைகள். நான்கு ஆண்டில் எத்தனை படித்தேன் என்று எண்ணவில்லை. பக்கத்துக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கில் படிக்கிறவனுக்குக் கதை நிற்காது. ஆனால் சட்டகம் மனப்பாடமாகிவிடும். கடிதம் எழுதி, பத்திரிகை விளம்பரம் பார்த்து, முன்பின் தெரியாத ஆளைக் கட்டிக்கொள்ள ஒருத்தி ரயிலில் வந்து இறங்குவாள். அவன் எதிர்பார்த்தது வேறு ஒருத்தியை. அல்லது அவன் எதிர்பார்க்கவே இல்லை, அவனுக்குத் தெரியாமல் தம்பியோ பிள்ளைகளோ கடிதம் போட்டிருப்பார்கள். ஊருக்கு மாதம் ஒருமுறை குதிரையில் வரும் பாதிரியார் அன்றைக்குத்தான் வந்திருப்பார். இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு கல்யாணம். ராத்திரி அண்டை அயலார் சட்டி பானையைத் தட்டிக்கொண்டு, துப்பாக்கியை வானத்தில் சுட்டுக்கொண்டு, புதுத் தம்பதியைத் தூங்கவிடாமல் அடிக்கும் கூத்துக்கு 'ஷிவரி' என்று பெயர். எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று சொல்லும் எங்கள் ஸ்டைல் ஷீட்டில் அந்தச் சொல்லுக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருந்தது.

பக்கத்து இருக்கையில் ஒரு அக்கா. திருத்துறைப்பூண்டிப் பக்கம். முன்பு ஒரு சிறிய அச்சகத்தில் பிழை பார்த்தவர். வேகத்தில் அவரை யாரும் தொட முடியாது. நான் முதல் நாவலை முடித்துவிட்டு, முகமே தெரியாத ஆளைக் கட்டிக்கிறதாமே என்று வியந்தபோது அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதுல என்ன தம்பி அதிசயம்? நானே தாலி கட்டின அன்னிக்குத்தான் அவரை நல்லா பார்த்தேன். அதை விடு. திரும்பி வர்ற டிக்கெட்டுக்குக் காசு வச்சிருக்காளா அவ?"

வைத்திருக்கவில்லை. அனேகமாக எந்த நாயகியும் வைத்திருப்பதில்லை. கையில் மூன்று டாலர், ஒரு டிரங்குப் பெட்டி, செத்துப்போன அப்பா. எழுதுகிறவர்கள் முதல் அத்தியாயத்திலேயே அந்தக் கதவை மூடிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் இரண்டாம் அத்தியாயத்தில் அவள் அடுத்த ரயிலில் போய்விடுவாளே. அதன் பிறகு எந்தக் கோப்பைத் திறந்தாலும் என் கண் முதலில் பணப்பையைத் தேடியது. அக்காவும் விடவில்லை. புதுக் கோப்பு வந்தால், "என்ன வச்சிருக்கா?" என்பார். நான் தொகையைச் சொல்வேன். "ப்ச்."

கோப்பு வராமல் காத்திருக்கும் நேரம் நிறைய. கதைகளுக்குப் பின்னால் நிஜமாக என்ன நடந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன், அதுவும் அக்கா கேள்வியோடுதான்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சியாட்டிலில் ஏசா மெர்சர் என்றொரு இளைஞர், அங்கிருந்த புதுப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். ஊரில் மரம் வெட்டுகிற ஆண்கள்தான் எங்கும், கல்யாணத்துக்குப் பெண்ணில்லை. 1864-இல் மாசசூசெட்ஸ் பக்கம் போய் 11 பெண்களை அழைத்து வந்தார். பெரும்பாலோர் லோவல் ஊர்க்காரிகள். பஞ்சாலை ஊர் அது. உள்நாட்டுப் போரால் தெற்கிலிருந்து பருத்தி வருவது நின்று ஆலைகள் படுத்துவிட்டன. காதலைத் தேடிக் கப்பலேறினார்கள் என்று நாவல் எழுதலாம். வேலை போன ஊரிலிருந்து கிளம்பினார்கள் என்பது வரலாறு. இரண்டாவது தடவை நூற்றுக்கணக்கில் கொண்டுவருகிறேன் என்று சொல்லி, மனைவி வேண்டிய ஆண்களிடம் ஆளுக்கு 300 டாலர் முன்பணமும் வாங்கினார் மெர்சர். நியூயார்க் பத்திரிகை ஒன்று கிழி கிழியென்று கிழித்ததில் பலர் பின்வாங்க, 1866-இல் 'காண்டினென்டல்' கப்பல் தென் அமெரிக்காவையே சுற்றி வந்து சேர்ந்தபோது சொன்ன கணக்கு தேறவில்லை. அந்தக் கப்பலில் வந்த ஒரு பெண்ணை மெர்சரே கல்யாணம் செய்துகொண்டார். நாவலாசிரியர் யாராவது இப்படி முடித்திருந்தால் அக்கா நம்பியிருக்க மாட்டார்.

எனக்குப் பிடித்தது முதல் கூட்டத்தில் வந்த லிசி ஆர்ட்வே. வயதில் மூத்தவர். கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆசிரியையாக இருந்து, பிற்பாடு பக்கத்து கிட்சாப் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) பள்ளிகளுக்குக் கண்காணிப்பாளர் ஆனார். மணப்பெண் கப்பல் என்று ஊர் பேசியதில் வந்து சம்பளக்காரியாகவே இருந்துவிட்டவர். இவரை வைத்து ஒரு கோப்பும் எங்கள் கைக்கு வந்ததில்லை.

அதே வடமேற்கில் இருக்கும் ஆரிகனில் கதையே நிலம். 1850-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி ஆணுக்கு 320 ஏக்கர், கல்யாணமானவர்களுக்கு 640. அதில் பாதி மனைவியின் சொந்தப் பெயரில். விளைவு என்ன? ஏக்கருக்காகச் சின்னப் பெண்களையெல்லாம் அவசர அவசரமாகக் கட்டிக்கொண்டார்கள். ஆனாலும் பத்திரத்தில் அவள் பெயர் இருந்தது. அக்காவிடம் சொன்னேன். "பதிமூணு வயசுப் புள்ளைக்குப் பத்திரம் படிக்கத் தெரியுமா?" என்றார். அந்த நிலம் அங்கே ஏற்கெனவே வாழ்ந்த பழங்குடிகளுடையது, பல இடங்களில் ஒப்பந்தம்கூடப் போடாமல் பங்குபோட்டது. எங்கள் நாவல்களில் அவர்கள் தூரத்துக் குன்றில் புகை போடுவதோடு சரி.

அக்காவுக்குப் பிடித்தவர் எலினோர் புருயிட் ஸ்டூவர்ட். டென்வரில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தவர், 1909-இல் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு வயோமிங்கின் பர்ன்ட் ஃபோர்க்கில் ஒரு பண்ணைக்காரருக்கு வீட்டு வேலைக்குப் போனார். சில வாரங்களில் அவரையே மணந்தார். விதைப்புக்கு நடுவே நடந்த கல்யாணம். ஏப்ரனைக் கழற்ற மறந்து, தேய்ந்த செருப்போடு நின்றதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே பக்கத்து நிலத்துக்குத் தன் பெயரில் மனுப் போட்டுவிட்டார், அரசு கொடுத்த ஹோம்ஸ்டெட் நிலம். அதற்கான செலவைப் புருஷனிடம் கேட்கப்போவதில்லை என்பதில் பிடிவாதம். பிற்பாடு சட்டச் சிக்கலில் அதை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது, மாமியார் அந்த இடத்துக்கு மனுப் போட்டார். "மாமியாரா?" என்று அக்கா நாற்காலியைத் திருப்பியே விட்டார்.

இப்படிப் படித்துப் படித்து எனக்குத் திமிர் ஏறிவிட்டது. ஒரு நாவலில் 1866-இல் நாயகி வயோமிங்கின் ஷையென் ஸ்டேஷனில் இறங்குகிறாள். ஷையென் ஊரே 1867-இல் போட்டது. ரயில் அங்கே எட்டியது அந்த ஆண்டு நவம்பரில். இன்னொன்றில் 1868-இல் முள்கம்பி வேலி; எங்கும் பரவிய முள்கம்பிக்கு ஜோசப் கிளிடன் என்பவர் காப்புரிமை வாங்கியது 1874. இரண்டுக்கும் கேள்விக் குறிப்பு எழுதினேன். டீம் லீட் அழைத்தார்.

"ஸ்கேன்ல இருக்கா?"

"இருக்கு."

"அப்போ ஃபாலோ காப்பி, இருக்கிறபடியே விடு. ஊரை நாம கட்டலை."

குறிப்புகள் அழிந்தன. அவர் சொன்னதும் சரிதான். பக்கத்துக்குத்தான் காசு, ஷையெனுக்கு இல்லை.

அக்கா தன் கேள்விக்கான காரணத்தை ஒரே ஒரு தடவை சொன்னார், வேன் கிளம்பக் காத்திருந்த ராத்திரியில். கல்யாணமாகிச் சென்னைக்குப் புறப்படும்போது அவர் அம்மா பஸ் காசைக் கைக்குட்டையில் முடிந்து, "இது மட்டும் அங்க யாருக்கும் தெரிய வேணாம்" என்று கொடுத்தாராம்.

"செலவாச்சாக்கா?"

"ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் அம்மா திரும்ப முடிஞ்சு குடுத்துச்சு."

கடைசி வருடம் ஒரு ஆசிரியர் தன் பழைய தொடரைத் திருத்தி மறுபதிப்புக்குக் கொடுத்தார். அதில் மட்டும் கேள்வி கேட்க எங்களுக்கு அனுமதி உண்டு. 11ஆம் பக்கத்தில் நாயகி பத்து டாலர் தங்கக் காசு இரண்டை உள்பாவாடை விளிம்பில் வைத்துத் தைக்கிறாள். 212ஆம் பக்கத்தில் அதே பாவாடையை வெட்டிக் குழந்தைக்குச் சட்டை தைக்கிறாள். காசு என்ன ஆனது? பேச்சே இல்லை. ஓரக் குறிப்பில் ஒரே வரி கேட்டேன். டீம் லீட் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அழிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் திருத்திய பக்கம் வந்தது. ஒரு வாக்கியம் கூடியிருந்தது. விளிம்பைப் பிரித்து, காசு இரண்டையும் எடுத்து, தான் உடுத்தியிருக்கும் பாவாடையில் வைத்துத் தைத்துக்கொண்டு அதன் பிறகு கத்தரிக்கோலை எடுக்கிறாள்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"எவ்வளவு மொத்தம்?"

"இருபது டாலர். பாஸ்டன் வரைக்கும் பத்தாதுக்கா."

"பாதி தூரம் வந்துடலாம்ல" என்று சொல்லிவிட்டுத் தன் கோப்புக்குத் திரும்பினார்.