டேன் 35 எந்த முக்கோணத்தோட நம்பர்?

கால்குலேட்டர எடுத்து டேன் 35 போட்டா 0.7002-ன்னு வரும். அத அப்படியே ஃபார்முலால போட்டு ஆன்சர் எடுத்துடுவோம், மார்க்கும் வந்துடும். ஆனா இந்த 0.7002 எங்கிருந்து வந்துச்சு, எந்த முக்கோணத்த அளந்து எடுத்ததுன்னு கேட்டா நல்லா படிக்கிற பசங்களே கொஞ்சம் முழிப்பாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியாது, வடிவொத்த முக்கோணம் ஒரு பாடம், முக்கோணவியல் இன்னொரு பாடம், நடுவுல வேற என்னென்னமோ, ரெண்டுக்கும் சொந்தபந்தமே இல்லாத மாதிரிதான் நடத்துறாங்க. என்னக் கேட்டா, ஸ்கூல் லெவல்ல முக்கோணவியல்னு தனியா ஒண்ணும் இல்ல. வடிவொத்த முக்கோணக் கணக்க யாரோ முன்னாடியே போட்டு டேபிளா எழுதி வச்சுட்டாங்க, நாம அத எடுத்து யூஸ் பண்றோம், அவ்ளோதான்.

நம்பலன்னா ஒரு பேப்பர், ஸ்கேல், பாகைமானி எடுங்க. 10 செ.மீ-க்கு ஒரு கோடு போடுங்க, ஒரு முனையில 35 டிகிரி, இன்னொரு முனையில 90 டிகிரி, ரெண்டு கோடும் எங்க முட்டுதோ அங்க நிறுத்திட்டு, நிமிர்ந்து நிக்கிற பக்கத்த அளந்து பாருங்க. 7 செ.மீ வரும், பென்சில் முனை தடிமனா இருந்தா ஒரு மில்லிமீட்டர் முன்னப்பின்ன ஆகும். இப்ப அடிப்பக்கத்த 6 செ.மீ-ஆ மாத்தி வரைங்க, 4.2 வரும். 7-ஐ 10-ஆல வகுத்தாலும் 0.7, 4.2-ஐ 6-ஆல வகுத்தாலும் 0.7. எவ்ளோ பெருசா வரைஞ்சாலும் இதேதான் வரும், ஏன்னா ஒரு கோணம் 35, இன்னொண்ணு 90-ன்னு ஆனதுக்கப்புறம் மூணாவது 55-ஐ தவிர வேற வழியே இல்ல, மூணு கோணமும் சமம்னா முக்கோணம் வடிவொத்தது, வடிவொத்ததுன்னா பக்கங்களோட விகிதம் மாறாது. இந்த மாறாத விகிதத்துக்கு வச்ச பேருதான் டேன் 35. இதுல எதிர்ப்பக்கத்த கர்ணத்தால வகுத்தா சைன், அடுத்துள்ள பக்கத்த கர்ணத்தால வகுத்தா காஸ், கதை எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

ஒரு மரத்தோட உயரம் வேணும், ஏற முடியாது. கோணமே தெரியாம ஒரு வழி இருக்கு. 1.5 மீட்டர் குச்சி ஒண்ண நேரா நட்டு நிழல அளக்குறோம், 2 மீட்டர். அதே நேரத்துல மரத்தோட நிழல் 14 மீட்டர். 14-ஐ 2-ஆல வகுத்தா 7, 7 தடவ 1.5, மரம் 10.5 மீட்டர். பிரமிடு உயரத்த பழைய கிரேக்க அறிஞர் தேல்ஸ் நிழல வச்சு கண்டுபிடிச்சாருன்னு சொல்ற பழைய கதையும் இந்த வகைதான். இங்க சைன் காஸ் எதுவுமே வரல பாருங்க, ஆனா கோணம் ஒண்ணு ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. சூரியன் ரொம்ப தூரத்துல இருக்கறதால வெளிச்சம் குச்சி மேலயும் மரத்து மேலயும் ஒரே சாய்வுல விழுது, கிட்டத்தட்ட 37 டிகிரி. நாம அளக்கல, அதுவே ரெண்டு முக்கோணத்துலயும் சமமா வச்சுக் குடுத்துடுச்சு.

இப்ப மேகமூட்டம், நிழல் இல்ல. மரத்துல இருந்து 18 மீட்டர் தள்ளி நின்னு உச்சிய பாத்தா ஏற்றக்கோணம் 35. குச்சி எங்க? நாம பேப்பர்ல வரைஞ்சோமே, அந்த 10-க்கு 7 முக்கோணம்தான் இப்ப குச்சி. அடிப்பக்கம் 10 செ.மீ-க்கு பதிலா 18 மீட்டர், அப்ப உயரம் 18 பெருக்கல் 0.7002, அதாவது 12.6 மீட்டர், இது கண் மட்டத்துக்கு மேல உள்ளது மட்டும், கண் தரையில இருந்து 1.5 மீட்டர்ல இருந்தா மொத்தம் 14.1. ஒவ்வொரு தடவையும் பேப்பர்ல வரையாம இருக்க, ஒவ்வொரு கோணத்துக்கும் அடிப்பக்கம் 1-ன்னு வச்ச ஒரு முக்கோணத்தோட உயரத்த எழுதி வச்சுட்டா அதுதான் டேன் டேபிள்.

பழைய காலத்து டேபிள்ல இது இன்னும் வெளிப்படையா தெரியும். கி.பி. 499 வாக்குல ஆரியபட்டர் குடுத்த சைன் அட்டவணையில விகிதமே கிடையாது, எல்லாமே நீளம். வட்டத்த 360 டிகிரி, டிகிரிக்கு 60 கலைன்னு பிரிச்சா சுத்தளவு 21,600 கலை, அதுக்கு ஆரம் 3438 கலை வரும், அந்த ஆரத்தயே கர்ணமா வச்சு உள்ள செங்கோண முக்கோணம் போட்டா எதிர்ப்பக்கம் எவ்ளோங்கறதுதான் அட்டவணை. மூணே முக்கால் டிகிரிக்கு ஒண்ணா மொத்தம் 24. அதையும் நேரா குடுக்காம 225, 224, 222, 219, 215, 210, 205, 199-ன்னு வித்தியாசங்களா குடுத்துட்டுப் போறாரு. இந்த எட்டையும் கூட்டிப் பாருங்க, 1719. எட்டாவதுன்னா 30 டிகிரி, 1719-ங்கறது 3438-ல சரியா பாதி, நம்ம சைன் 30 அரை! பழைய வானியல் அறிஞர் டாலமி இதே மாதிரி ஆரம் 60-ன்னு வச்சு நாண்களுக்கு, அதாவது வட்டத்து மேல உள்ள ரெண்டு புள்ளிய சேக்கற நேர்கோடுகளுக்கு, அட்டவணை போட்டிருக்காரு. உங்க வட்டத்தோட ஆரம் வேறன்னா நேர்விகிதம் போட்டு மாத்திக்கணும், அதாவது வடிவொத்த முக்கோணத்த நீங்களே கையால போடணும். இப்ப நாம ஆரத்த 1-ன்னு வச்சுட்டதால அந்த ஸ்டெப் கண்ணுல படாமப் போச்சு.

சரி, அடிக்கே போக முடியலன்னா? ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கோபுரம், இந்தக் கரையில இருந்து பாத்தா 40 டிகிரி, நேரா 20 மீட்டர் பின்னால வந்து பாத்தா 25 டிகிரி. இங்கதான் நெறைய பேர் ரெண்டு முக்கோணமும் ஒரே கோபுரத்துல நிக்குதே, அப்ப வடிவொத்ததுதானேன்னு விகிதம் போட ஆரம்பிச்சுடுவாங்க. கிடையவே கிடையாது, ஒண்ணுல 40, இன்னொண்ணுல 25, உயரம் மட்டும்தான் பொது. பெரிய முக்கோணம் டேபிள்ல இருக்குற 25 டிகிரிக்காரனுக்கு வடிவொத்தது, சின்னது 40 டிகிரிக்காரனுக்கு வடிவொத்தது, ஆளுக்கு ஒரு ஜோடி. அடிப்பக்கத்த உயரத்தால வகுத்தா வர்ற காட் மதிப்பு 25-க்கு 2.1445, 40-க்கு 1.1918. அதாவது பின்னால நிக்கும்போது தூரம் உயரத்தப் போல 2.1445 மடங்கு, முன்னால நிக்கும்போது 1.1918 மடங்கு, நடுவுல உள்ள 0.9527 மடங்குதான் நாம நடந்த 20 மீட்டர். அப்ப உயரம் 20 வகுத்தல் 0.9527, ஏறக்குறைய 21 மீட்டர். ஆத்துக்குள்ள கால் கூட வைக்கல.

இதுல அந்த 20 மீட்டர் இல்லன்னா ஒண்ணும் நடக்காது, அத யாரும் அழுத்திச் சொல்றதில்ல. கோணம் எத்தன அளந்தாலும் வடிவம்தான் தெரியும், அளவு தெரியாது, ஏன்னா அதே கோணங்களோட சின்ன முக்கோணமும் இருக்கு, பெருசும் இருக்கு. ஒரு நீளமாவது கையால அளந்தாகணும். 1802-ல லாம்டன்ங்கற பிரிட்டிஷ் அதிகாரி இந்தியாவ அளக்க ஆரம்பிச்சப்போ முதல் வேலையா சென்னையில பரங்கிமலை பக்கத்துல சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்ட சங்கிலி புடிச்சு அளந்தாங்க. அதுக்கப்புறம் முக்கோணத்துக்கு மேல முக்கோணமா தியோடலைட்டுங்கற கோணம் அளக்குற கருவிய வச்சு கோணம் பாத்துக்கிட்டே போனாங்க, சரிபாக்க மட்டும் அங்கங்க மறுபடி ஒரு கோட்ட அளந்துக்கிட்டாங்க. அந்த முக்கோணங்கள்ல செங்கோணம் இருக்காதே, எப்படின்னா உச்சியில இருந்து ஒரு செங்குத்துக்கோடு இறக்கினா ரெண்டு செங்கோண முக்கோணம் கெடச்சுடும், அந்தக் கோட்டோட நீளத்த ரெண்டு பக்கத்துல இருந்தும் எழுதி சமன் பண்ணா சைன் விதி, அதாவது ஒரு பக்கத்த அதுக்கு எதிர்க்கோணத்தோட சைனால வகுத்தா மூணு பக்கத்துக்கும் ஒரே விடைதான். திரும்பவும் அதே டேபிள்தான்.

நிஜமா வெளிய போய் அளக்கறவங்களுக்கு ஒண்ணு, எங்க நிக்கிறீங்கங்கறது முக்கியம். பெரிய கட்டடத்துக்கு 10 மீட்டர்ல நின்னு 85 டிகிரி பாத்தா 114 மீட்டர் வரும், ஒரே ஒரு டிகிரி தப்பா 86-ன்னு எடுத்தா 143, வித்தியாசம் 29 மீட்டர், அதுல ஒரு சின்ன கட்டடமே கட்டலாம். ரொம்ப தள்ளி நின்னாலும் சரிப்படாது, 10 டிகிரிக்கு பதிலா 11-ன்னு படிச்சா உயரம் 10 சதவீதம் ஏறிடும். 45 டிகிரி பக்கத்துல நின்னா அதே ஒரு டிகிரி தப்புக்கு மூணரை சதவீதம்தான் போகும், அதுக்கு கம்மியா எங்கயும் வராது. அதனால உச்சி 45 டிகிரில தெரியற வரைக்கும் பின்னால நடங்க, அங்க டேனும் 1 ஆயிடுறதால பெருக்கல் வேலையும் மிச்சம், தூரம்தான் உயரம்.

தரை சரிவா இருந்தா கண் உயரத்த கூட்டுற கணக்கு உதவாது. கண்ணுல இருந்து உச்சிக்கு ஏற்றக்கோணம், அடிக்கு இறக்கக்கோணம், ரெண்டையும் எடுத்து ரெண்டு டேனையும் கூட்டி தூரத்தால பெருக்குங்க (அடி கண்ணுக்கு மேல இருந்தா கழிங்க). அந்தத் தூரம் கிடைமட்டமா இருக்கணும், டேப்ப சரிவோட சேத்து புடிச்சிருந்தா சரிவுக் கோணத்தோட காஸால பெருக்கிக்குங்க. 5 டிகிரி சரிவுல 18 மீட்டர் 17.93 ஆகுது, கண்டுக்க வேணாம், 20 டிகிரின்னா 16.9 ஆயிடும், அப்ப கண்டுக்கணும்.